மலேசியாவிலிருந்து 240 டப்பா ஆர்டர், ஏஜென்ட் கூலியையும் என் கையில் தருகிறாராம்: எடுக்கலாமா?

பள்ளத்தூர்க்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்தாலும் போதும்.

நான் ஒரு டைரக்ட் செல்லிங் கம்பெனியில் கன்சல்டன்ட். சமையலறை டப்பா, தண்ணீர் பாட்டில், டிபன் செட், கூடவே முகத்துக்குப் போடும் க்ரீம் வகையறா. கன்சல்டன்ட் என்று பெயர்தான் பெரிசு, சம்பளம் கிடையாது. சரக்கை நம் காசைக் கட்டி எடுக்க வேண்டும். விற்றால் லாபம், விற்காவிட்டால் பரணில் கிடக்கும். கோட்டையூர், கண்டனூர், புதுவயல், கானாடுகாத்தான் வரைக்கும் ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு போவேன். வெயிலில் போய் நின்றால் எந்த வீட்டிலும் மோர் தராமல் அனுப்ப மாட்டார்கள், ஆனால் ஆர்டர் தருவது அவர்கள் இஷ்டம்.

எங்கள் பக்கத்தில் பெரிய ஆர்டர் ஒன்றும் அதிசயமில்லை. நகரத்தார் ஆச்சி வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்ணுக்குச் சாமான் பரப்புவது தெரிந்ததுதானே. பித்தளை, எவர்சில்வர், இனாமல், மரவை என்று வளவு முழுக்க அடுக்கி வைப்பார்கள். அந்த வரிசையில் இப்போது பிளாஸ்டிக் டப்பாவும் டஜன் கணக்கில் ஏறிவிட்டது. சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப நூறு, நூற்றைம்பது என்று மொத்தமாக எடுப்பவர்களும் உண்டு. அதனால் 240 டப்பா என்றதும் வேறு ஊர்க் கன்சல்டன்ட் முழிக்கலாம். எனக்கு, பரவாயில்லை, நல்ல முகூர்த்த மாதம் என்றுதான் தோன்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி எங்கள் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறது. ஃபோட்டோ, ஊர், இமெயில் எல்லாம் அதில் இருக்கும். அந்த இமெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது: "அன்புள்ள கடை மேலாளர் ஐயா, உங்கள் கடையிலிருந்து சில தயாரிப்புகளை வாங்க நான் ஆர்வமாக உள்ளேன். நீங்கள் கிரெடிட் கார்டை ஏற்றுக்கொள்கிறீர்களா என்பதைத் தயவுசெய்து அறிவுறுத்தவும்." அவ்வளவுதான். என்ன தயாரிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இணையப் பக்கத்து ஃபோட்டோவில் நான் புடவையும் பூவுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அப்படியும் ஐயா.

கேட்லாக் அனுப்பினேன். மறுநாளே பதில். மூன்றாம் பக்கத்தில் இருக்கும் மதிய உணவு டப்பா 240 வேண்டுமாம். ஒன்று 590 ரூபாய், மொத்தம் 1,41,600. தாம் கோலாலம்பூரில் இருப்பதாகவும், பூர்வீகம் செட்டிநாடு என்றும், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் விருந்தினர்களுக்குக் கொடுக்க என்றும் எழுதியிருந்தார். பெயருக்குப் பின்னால் செட்டியார் என்று இருந்தது. என்ன கலர் என்று கேட்டேன். எதுவானாலும் சரியாம்.

அப்புறம்தான் ஏஜென்ட் வந்தார். சரக்கை எடுத்துப் போக அவருடைய கப்பல் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "காரைக்குடி துறைமுகத்தில்" ஏற்றிவிடுவாராம். ஏஜென்ட் கூலி 42,000. அந்த ஏஜென்ட்டிடம் கார்டு வாங்கும் வசதி இல்லையாம். அதனால் எனக்குத் தர வேண்டியதோடு அதையும் சேர்த்து இவர் கார்டில் கட்டிவிடுவாராம், நான் 42,000ஐ ஏஜென்ட் கணக்குக்கு மாற்றிவிட வேண்டுமாம். முழுசாக 1,85,000 கட்டுகிறேன், மிச்சம் 1,400 உங்கள் சிரமத்துக்கு என்கிறார். ஃபோனில் பேசலாமா என்றால், காதில் ஆபரேஷன் ஆகி ஓய்வில் இருக்கிறாராம், இமெயில் மட்டும்தானாம்.

என் டீம் லீடர், "மாசக் கடைசி, இந்த ஆர்டர் ஏறினால் நீ அடுத்த லெவல், நகையை வைத்தாவது சரக்கை எடுத்துவிடு" என்கிறார். வீட்டுக்காரரோ, "பணம் முதலில் வருகிறதே, நமக்கென்ன நஷ்டம்?" என்கிறார். எனக்கும் அந்த இடத்தில்தான் சிக்குகிறது. பணம் முதலில் நம் கைக்கு வந்துவிட்டால் எதை வைத்து ஏமாற்ற முடியும்? ஏமாற்று என்றால் எந்த இடத்தில் என்று எனக்கு விளங்கும்படி யாராவது சொல்லுங்கள்.


சும்மா படிப்பவன்:

ஃபிராடு. பிளாக் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.


பள்ளத்தூர்க்காரி:

இருக்கலாம். ஆனால் லீடரிடம் போய் "இணையத்தில் ஒருத்தர் ஃபிராடு என்றார்" என்றா சொல்வது? காரணம் வேண்டும் சார்.


தேவகோட்டை ஆச்சி:

தங்கச்சி, நானும் ரொம்ப வருஷமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனி. கார்டு, கணக்கு விவரமெல்லாம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது வாங்குகிற ஆட்களை.

240 டப்பா வாங்குகிற மனுஷர் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதை முதலில் யோசி. நம் ஊரில் ஆறு டப்பா எடுக்கிற வீட்டிலேயே, டஜனாக எடுத்தால் என்ன குறைப்பாய், மூடி தனியாகக் கிடைக்குமா, போன வருஷம் இந்த விலை இல்லையே என்று காபி ஆறும் வரை பேச்சு நடக்கும். சாமானுக்கு எடுப்பவர்கள் ஒரு டப்பாவைக் கையில் வாங்கி, மூடியை அழுத்தி, தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு வாயைத் திறப்பார்கள். சாந்திக்குக் கொடுப்பது என்றால் அப்பச்சி, ஆத்தா பெயரும் தேதியும் அதில் போட வேண்டாமா? எவர்சில்வரில் என்றால் பெயர் வெட்டுவோம், பிளாஸ்டிக் என்றால் அச்சடித்துத் தருவாயா என்று கேட்போம். இவர் கலரே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்லாக்கில் விரலை வைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது டப்பா இல்லை, அம்மாடி.

இன்னொன்று, பெயருக்குப் பின்னால் செட்டியார் என்று போட்டுக்கொண்டால் ஆயிற்றா? விலாசம் (குடும்பத்தின் முன்னெழுத்து) எங்கே? மலேயாவில் மூன்று தலைமுறை இருந்தாலும் எங்கள் ஆட்கள் பெயருக்கு முன்னால் போடுகிற விலாசத்தை விட மாட்டார்கள். நீ ஒரு காரியம் செய். "எந்த ஊர், எந்தக் கோயில், சாந்தி என்றைக்கு?" என்று கேட்டு எழுது. வேறு எதுவும் எழுதாதே. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. இந்த ஒன்பது நகரத்தார் கோயிலில் ஒன்று வராமல் வேறு எது வந்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.


செக்காலை கேஷியர்:

வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆச்சி சொல்வது நல்ல சோதனைதான், ஆனால் அதையே நம்பி இருந்துவிட வேண்டாம். ஒன்பது கோயில் பட்டியல் இணையத்தில் தட்டினால் வந்துவிடும். நாளைக்கு ஒருவன் சரியாக "நேமம்" என்று எழுதிவிட்டால் 42,000ஐ அனுப்பிவிடுவீர்களா? ஆளைப் பார்க்காதீர்கள், பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி. கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் படித்தவர்களே இதைக் கேட்பார்கள். பணம் கணக்கில் காட்டுவது வேறு, அது நம்முடையதாக ஆவது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

அவர் தரும் கார்டு அவருடையதாக இருக்காது. வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய திருட்டுக் கார்டு எண். நம் ஊர்க் கார்டாக இருந்தால் ஓடிபி கேட்கும், வெளிநாட்டுக் கார்டுகளில் பல அது இல்லாமலே ஓடிவிடும். நீங்கள் பேமென்ட் லிங்க் அனுப்புகிறீர்கள், பணம் வந்தது என்று பச்சை டிக் விழுகிறது. நீங்கள் 42,000ஐ ஏஜென்ட்டுக்கு அனுப்புகிறீர்கள். கொஞ்ச நாள் கழித்துக் கார்டின் உண்மையான சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு, இது நான் வாங்கியது இல்லை என்று தன் வங்கியில் எழுதிக் கொடுப்பார். அதற்கு அவருக்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. அவர் கேட்டதும் 1,85,000 முழுசும் உங்களிடமிருந்து திரும்பப் பிடுங்கப்படும். நீங்கள் அனுப்பிய 42,000 மட்டும் திரும்பாது, ஏனென்றால் அது உங்கள் கையால், உங்கள் பின் போட்டு அனுப்பியது. நமக்குத் தெரியாமல் கணக்கில் பணம் போனால் வாடிக்கையாளரைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் பல நேரங்களில் நமக்குப் பொறுப்பு இல்லை என்று. அது நாமே அனுப்பிய பணத்துக்குப் பொருந்தாது.

டப்பாவை எடுக்க யாரும் வரவே மாட்டார்கள் என்பது என் ஊகம். 42,000தான் அவர்கள் வியாபாரம். 240 டப்பாவும் உங்கள் முகப்பில் கிடக்கும், நகை அடகுக் கடையில் இருக்கும், கம்பெனியில் மட்டும் நீங்கள் அடுத்த லெவலில் இருப்பீர்கள்.

கார்டு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் செக் என்பார். ஏதோ ஒரு ஊர்க் கிளையில் உங்கள் கணக்குக்குச் செக் போட்டுவிட்டு, கவுன்டர்ஃபாயிலை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார். செக் பாஸ் ஆகிற வரைக்கும் அது வெறும் காகிதம். இல்லையென்றால் "உங்கள் கணக்கில் 1,85,000 வரவு" என்று அவரே ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிடுவார். வங்கி எஸ்எம்எஸ் எழுத்துத் தலைப்பிலிருந்து வரும், சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் படித்துச் சிரித்துவிட்டுப் பாஸ்புக்கைப் பாருங்கள்.


கண்டனூர் டூ கேஎல்:

கண்டனூரில் பிறந்து வளர்ந்தவன், காரைக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பலையும் பார்த்ததில்லை. கடல் பார்க்க வேண்டும் என்றால் தொண்டிக்குத்தான் பஸ் ஏறுவோம். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

நான் இருப்பது கோலாலம்பூரில்தான், சரக்கு அனுப்பும் ஆபீஸில் வேலை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கூரியரில் காலிப் பெட்டிக்கு எடையைப் பார்க்க மாட்டார்கள், அது அடைக்கும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். உங்கள் டப்பா 20க்கு 15க்கு 10 என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 0.6 கிலோ. 240 டப்பா 144 கிலோ. டப்பா ஒன்று 150 கிராம் என்றாலும் உண்மையான எடை 36 கிலோதான். ஆக மிச்சம் 108 கிலோவுக்கு காற்றை ஏற்றுமதி செய்யக் காசு கட்டுகிறார் உங்கள் செட்டியார். டப்பா விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்து பிளாஸ்டிக் வாங்க இங்கே யாருக்கும் தலையெழுத்து இல்லை.

இங்கே டைரக்ட் செல்லிங் ஒன்றும் புதுசு இல்லை, அதற்கென்று 1993லேயே தனிச் சட்டம் போட்ட நாடு. டப்பா, க்ரீம், சத்து மாவு எல்லாவற்றுக்கும் தெருவுக்கு ஒரு அக்கா இருக்கிறார். பெரும்பாலான கம்பெனிகளில் ஒரு நாட்டுக் கன்சல்டன்ட் இன்னொரு நாட்டில் விற்கவும் கூடாது, உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். லீடருக்கு அது தெரியாமல் இருக்காது.

நாளைக்கே உண்மையான வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தால் (கண்டாங்கிச் சேலை, கொட்டான் மாதிரி நம் ஊர்ச் சரக்குக்கு வரத்தான் செய்கிறது) வாங்குகிறவரே தன் ஏஜென்ட்டுக்கு நேராகப் பணம் கட்டுவார். ஏற்றுமதிக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான பதிவு எண்) வேண்டும். அதை எடுத்துக்கொண்டால் தபால் துறையிலேயே டாக் கர் நிர்யாத் கேந்திரா என்று சின்ன ஏற்றுமதியாளர்களுக்காகத் தனி ஏற்பாடு இருக்கிறது. "இந்தியத் தபாலில் அனுப்புகிறேன், தபால் செலவை மட்டும் கட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் ஆள் அதற்கு ஒப்பவே மாட்டார், ஏனென்றால் தபால் துறை அவருக்குக் கமிஷன் தராது.


ஆத்தங்குடிப் பெண், நியூஜெர்சி:

அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் நான் படித்திருக்கிறேன்! இங்கே அழகுசாதனப் பொருள் விற்கும் தோழிகளுக்குப் பல வருஷமாக வருகிறது. முதல் வரி மாறவே மாறாது, கிரெடிட் கார்டு வாங்குவீர்களா என்பதுதான். பொருளின் பெயர் இருக்காது. ஒரே கடிதத்தை டப்பா விற்பவருக்கும் மெழுகுவத்தி விற்பவருக்கும் அனுப்ப வேண்டாமா? உங்களுக்கு வந்தது அதையே மெஷினில் போட்டுத் தமிழாக்கியது. செட்டியார், செட்டிநாடு எல்லாம் உங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு ஒட்டியது.

அமெரிக்காவில் இதற்குச் செக்தான் வசதி. 1987ல் வந்த ஒரு சட்டப்படி, செக்கைப் போட்ட ஓரிரு நாளில் வாடிக்கையாளர் பணம் எடுக்க வங்கி விட்டுவிட வேண்டும், வங்கியே கொடுக்கும் கேஷியர்ஸ் செக் என்றால் இன்னும் சீக்கிரம். ஆனால் செக் போலி என்று திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். நடுவில் "ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிட்டீர்களா, அனுப்பிவிட்டீர்களா" என்று நச்சரிப்பு. அனுப்பியதும் ஆள் காணாமல் போவார், செக் திரும்பும், வங்கி உங்களைப் பிடிக்கும்.

காது கதையும் பழசுதான். காது கேளாதவர்களுக்காக இங்கே ரிலே என்று ஒரு ஃபோன் சேவை இருக்கிறது, அவர்கள் தட்டச்சு செய்வதை ஆபரேட்டர் ஒருவர் நமக்குப் படித்துக் காட்டுவார். ஆபரேட்டர் தன் பங்குக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த நல்ல ஏற்பாட்டையே பிடித்துக்கொண்டு ஒரு காலத்தில் கடைகளுக்கு இப்படி ஆர்டர் கொடுத்துத் தள்ளினார்கள். குரல் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

நம்மைப் போல் தனியாக விற்பவர்களை ஏன் குறி வைக்கிறார்கள் என்றால், கம்பெனியில் கணக்குப் பிரிவு என்று ஒன்று இருக்கும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். இங்கே கேட்க யார் இருக்கிறார்கள், நாமும் நம் மாசக் கடைசியும்தானே. உங்கள் லீடர் மேல் எனக்கு இங்கிருந்தே கோபம் வருகிறது. ஆர்டர் ஏறினால் அவருக்கும் பங்கு, போனால் நகை உங்களுடையது.


பள்ளத்தூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன மூன்று கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினேன். வந்த பதில்: ஊர் "செட்டிநாடு நகரம்". கோயில், "நாங்கள் பத்துமலை கோவிலுக்குத் தவறாமல் செல்வோம்". சாந்தி தேதி, "கூடிய விரைவில்". வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கேஎல் அண்ணன் சொன்னபடி, ஏஜென்ட்டுக்கு நீங்களே கட்டிவிடுங்கள், டப்பா பணத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள் என்றும் எழுதினேன். உடனே மனசு புண்பட்டுவிட்டது. தாம் கடவுளுக்குப் பயந்தவர், இப்படிச் சந்தேகப்படலாமா என்று ஒரு பாராகிராஃப். அதற்குக் கீழே புதுசாக ஒரு யோசனை. கார்டு வேண்டாம், செக் வேண்டாம். இந்தூரில் இருக்கும் மைத்துனர் 42,000ஐ என் கணக்குக்கு இந்திய வங்கியிலிருந்தே போடுவாராம். அதை அப்படியே ஏஜென்ட்டுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். டப்பா பணம் சரக்கைத் தூக்கும்போது.

இதில் நான் என் காசைத் தொடவே வேண்டாம். வந்த பணம் வந்த வழியில் போகிறது. லீடர் இதைப் பிடித்துக்கொண்டு "பார், இந்தியப் பணம்" என்கிறார். இந்த ஆளுக்கு நான் சரக்கு எடுக்கப் போவதில்லை, அது முடிவு. ஆனாலும் கேட்கிறேன், இதில் என்ன கண்ணி?


செக்காலை கேஷியர்:

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். நல்லவேளை கேட்டீர்கள்.

அந்த 42,000 உண்மையான பணமாகவே வரும். ஆனால் மைத்துனருடையதாக இருக்காது. வேறு எங்கேயோ ஏமாந்த ஒருவர் உங்கள் கணக்கு எண்ணுக்குப் போட்ட பணம் அது. நீங்கள் அதை ஏஜென்ட்டுக்கு அனுப்பினால், திருட்டுப் பணம் கடந்து போகும் கணக்குகளில் உங்களுடையதும் ஒன்று. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு ஃபோன் செய்வார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போயிற்றோ எல்லாவற்றிலும் வங்கிகள் தடை போடும். சில சமயம் அந்தத் தொகைக்கு மட்டும், சில சமயம் கணக்கே முடங்கும். ஏதோ ஒரு மாநிலத்துப் போலீஸ் போட்ட தடையைப் பள்ளத்தூரில் உட்கார்ந்துகொண்டு எடுக்க என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். கிளையில் போய்க் கேட்டால் மேனேஜருக்கும் கை கட்டியிருக்கும்.

ஒருவேளை கேட்காமலே பணம் வந்து விழுந்துவிட்டால், அவர்கள் சொல்கிற கணக்குக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். தொடாமல் வைத்துவிட்டு, தெரியாத வரவு வந்திருக்கிறது என்று வங்கியில் எழுத்தில் கொடுங்கள். வந்த இடத்துக்கே திருப்புவது அவர்கள் வேலை. உங்கள் கணக்கு எண்ணை அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா?


பள்ளத்தூர்க்காரி:

இல்லை சார், கேட்டுக்கொண்டே இருந்தார், கொடுக்கவில்லை. மகளிர் குழுச் சேமிப்பை வசூல் செய்து கட்டுகிற வரை என் கணக்கில்தான் வைத்திருப்பேன். அது முடங்கினால் பன்னிரண்டு வீட்டில் நான் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும்தான் லீடர் வாயை மூடினார். ஏனென்றால் அவர் தங்கையும் அதே குழு.

ஏஜென்ட் கணக்கு எண் இரண்டு இமெயிலில் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு வங்கி. அதை என்ன செய்வது? கம்பெனிக்கும் எழுதலாம் என்று இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து என் இமெயிலை எடுக்கச் சொல்லி.


கண்டனூர் டூ கேஎல்:

எழுதுங்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், பெயரும் தொடர்பும் அவர்கள் தளத்தில் இருக்கும். லீடர் வழியாகப் போகாமல் நேராக அவருக்கே போடுங்கள். இமெயிலை வெளியே காட்டாமல் ஒரு ஃபார்ம் மட்டும் வைத்தாலே இந்தக் குப்பையில் பாதி நின்றுவிடும். உங்களுக்கு வந்தது உங்கள் கம்பெனியின் எல்லா கன்சல்டன்ட்டுக்கும் வந்திருக்கும்.


செக்காலை கேஷியர்:

அந்த இரண்டு கணக்கு எண்ணையும் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் சந்தேக நபர் பற்றித் தெரிவிக்கும் பகுதியில் பதியுங்கள். பணம் போகாவிட்டாலும் பதியலாம். அங்கேயே எண்ணைத் தட்டி ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தேடவும் முடியும். இமெயில்களை அழித்துவிடாதீர்கள். அவருக்கு இனி பதிலும் போடாதீர்கள், திட்டிக்கூட எழுத வேண்டாம். பதில் வரும் முகவரி என்றாலே அவர்களுக்கு அது ஒரு சொத்து.


தேவகோட்டை ஆச்சி:

பத்துமலைக்கு நானும்தான் போயிருக்கிறேன், அதற்காக!

தங்கச்சி, லீடர் சொன்னார் என்று நகையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. ஆர்டருக்குப் பாதி முன்பணம் கையில் வாங்காமல் நான் ஒரு டஜன்கூட எடுப்பதில்லை. அறிந்த வீடு, அறியாத வீடு என்று பார்ப்பதும் இல்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், சாமானுக்கு எடுக்கிறவர்கள் கொடுத்துவிடுவார்கள்.


திருப்பத்தூர் வாசகி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர். என் நாத்தனார் வீட்டில் சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம் போட்டு விற்கிறார். நேற்று ராத்திரி ஒருத்தர் வாட்ஸாப்பில் ராணுவ முகாமுக்கு 30 கிலோ சீடை வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். யூனிஃபார்ம் போட்ட ஐடி கார்டு, ஆதார் எல்லாம் அனுப்பினார். ராணுவத்தில் பணம் வேறு மாதிரி வரும் என்று சொல்லி, முதலில் 10 ரூபாய் அனுப்பச் சொல்லி 20 ரூபாயாகத் திருப்பி அனுப்பினார். அப்புறம் ஒரு கியூஆர் கோடு, ஸ்கேன் செய்து பின் போட்டால் முன்பணம் வரும் என்றார். 9,000 போய்விட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அழுதுகொண்டிருக்கிறார். இதற்கும் அந்தத் தளம்தானா?


செக்காலை கேஷியர்:

தளம் அப்புறம். இதைப் படித்ததும் முதலில் 1930க்கு அடியுங்கள், லைன் கிடைக்கும் வரை விடாமல். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நாத்தனாரே பேசட்டும். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்) இருக்கும், அதையும் நேரத்தையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அவர்கள் தரும் எண்ணை வைத்துப் போர்ட்டலில் முழுப் புகாரையும் பதிந்துவிட்டு, வங்கிக் கிளை திறந்ததும் நேரில் போய் எழுதிக் கொடுங்கள். அந்த ஆள் "தவறுதலாகப் போய்விட்டது, திருப்பித் தருகிறேன், இன்னொரு கோடு அனுப்புகிறேன்" என்று மறுபடி வருவார். எடுக்காதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ எந்தக் காலத்திலும் பின் கேட்காது.


திருப்பத்தூர் வாசகி:

1930 கிடைத்துவிட்டது சார். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே அந்த ஆள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ஸ்க்ரீன்ஷாட்டை இங்கே போட்டிருக்கிறேன், சரியாக எழுதியிருக்கிறோமா பாருங்கள்.


செக்காலை கேஷியர்:

சரியாக இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டை உடனே எடுத்துவிடுங்கள், அதில் நாத்தனாரின் கணக்கு எண்ணும் மொபைல் எண்ணும் தெரிகிறது.